மூடியைத் திறக்காதேங்கோ

கழுத்தில் காகிதத் துண்டு கட்டி, பத்து விரலும் சாஸில் தோய்ந்திருக்கும்போது ஒரு மனிதன் உண்மை பேசக் கூடாது. கார்த்தி பேசிவிட்டான்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. இது பார்பிக்யூவே இல்லீங்க."

இவர், அதாவது என் வீட்டுக்காரர் சிவநேசன், பாதி கடித்த பன்றி விலா எலும்பைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார். மகள் துளசி மேசைக்குக் கீழே கார்த்தியின் காலை உதைத்தாள். அது என் கால்.

உதை வந்து சேராததால் அவன் தொடர்ந்தான். "ஃபேக்டரியிலயே வேக வெச்சு, பையில போட்டு அனுப்பிடறாங்க. இங்க சூடு பண்ணி சாஸ் தடவறதோட சரி. இந்தப் புகை வாசனைகூட பாட்டில்ல வர்றதுதான்."

இவர் எலும்பைத் தட்டில் வைத்தார். ஈரத்தாளால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "அப்பிடியோ?" என்றார். இவருடைய "அப்பிடியோ"வை நான் அறிவேன். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு கிழமைக்குத் தொலைக்காட்சி மட்டும்தான் பேசும்.

கார்த்தி கரூர்ப் பொடியன். கனடாவுக்குப் படிக்க வந்து, மிசிசாகாவில் மென்பொருள் வேலையில் அமர்ந்தவன். துளசிக்கு அவனைப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அவனுடைய அம்மா அப்பா ஊரில் விசாவை எடுத்து வைத்துக்கொண்டு, துளசியின் அப்பா ஒரு வார்த்தை "வாருங்கள்" என்று சொன்னால் விமானம் ஏறலாம் என்று காத்திருந்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அன்று சந்திப்பு. தனக்கு உலகத்திலேயே பிடித்த கடைக்கு மாப்பிள்ளைப் பொடியனை இவர் கூட்டிக்கொண்டு போனார் என்றால், அது இவர் செய்த பெரிய மரியாதை. பொடியனுக்கு அது தெரியவில்லை.

காரில் வரும்போது துளசி மெதுவாகக் கேட்டாள். "சோ... அப்பா?"

"பாப்பம்" என்றார் இவர்.

யாழ்ப்பாணத்துத் தகப்பன்மார் "மாட்டேன்" என்று சொல்வதில்லை. "பாப்பம்" என்பார்கள். அதற்குப் பிறகு பார்க்கவே மாட்டார்கள்.

படத்தைக் காட்டினால் போதும்

கடையின் பெயரை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மூலையில் இருக்கிறது என்பது போதும். நாடு முழுக்க அதற்குக் கிளைகள் உண்டு. எந்தக் கிளைக்குப் போனாலும் அதே மரமேசை, அதே மங்கல் விளக்கு, அதே இனிப்பு சாஸ். சுவரில் மாட்டியிருக்கும் பழைய வண்டிச் சில்லுகூட எல்லா இடத்திலும் ஒரே பக்கமாகச் சரிந்திருக்கும்.

எங்கள் குடும்பத்தின் நல்ல நாட்கள் எல்லாம் அங்கேதான் நடந்தன. குடியுரிமை கிடைத்த நாள், வாங்கிய வீட்டின் திறப்புக் கைக்கு வந்த நாள், துளசியின் பட்டமளிப்பு, வருடம் தவறாமல் இவருடைய பிறந்தநாள். ஒருமுறை நான் பக்கத்திலிருந்த வியட்நாம் கடைக்குப் போவோம் என்றேன். "அங்க என்ன இருக்கெண்டு தெரியாதே" என்றார். தெரியாததைச் சாப்பிட்டுப் பார்க்கத்தானே போகிறோம் என்றேன். அன்றும் ரிப்ஸ், அந்த விலா எலும்புதான் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

பிறந்தநாள் என்று சொன்னால் பரிமாறுகிற பிள்ளைகள் எல்லோரும் கைதட்டிக்கொண்டு வந்து பாடுவார்கள். ஒரு கோப்பை ஐஸ்கிரீம் இனாம். வழுக்கை விழுந்த பிறகும் இவர் அந்தப் பாட்டுக்கு வெட்கப்படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். "ஐஸ்கிரீமுக்காக இவ்வளவு தூரம் வாற ஆள் நீங்கள்தான்" என்று நான் பகிடி பண்ணுவேன். இவர் சிரிப்பார். விளக்கம் சொன்னதில்லை.

நியாயமாகச் சொன்னால், பார்பிக்யூ பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? கோடை வந்தால் எங்கள் சனம் பூங்காவை நிறைத்துவிடும். கோழிக்கால்களில் கறித்தூளும் உப்பும் தேசிக்காய்ப் புளியும் பிரட்டி, முதல் நாளே ஊறவைத்து, கரி அடுப்பில் போட்டு, கருகக் கருக எடுப்போம். நெருப்பில் சுட்டது எல்லாம் எங்களுக்குப் பார்பிக்யூதான். கார்த்தியிடம் ஒருநாள் தொலைபேசியில் கேட்டேன். "அது கிரில் ஆன்ட்டி" என்றான் பணிவாக.

அதுவும் இல்லை, இதுவும் இல்லை என்றால் எதுதானப்பா பார்பிக்யூ?

"புகையிலயே வேகணும் ஆன்ட்டி. நெருப்பு கறியைத் தொடவே கூடாது. காலையில வெச்சா சாயங்காலம்தான் எடுக்கணும்."

ஒரு நாள் முழுக்க ஓர் இறைச்சித் துண்டுக்குக் காவல் இருக்கிற ஆள், என் மகளையும் பொறுமையாகத்தான் பார்த்துக்கொள்வான் என்று எனக்குப் பட்டது. துளசியிடம் பொறுமை கிடையாது. வீட்டில் ஒருவருக்காவது வேண்டும்.

இரும்புப் பீப்பாய்

இவருடைய அறுபதாவது பிறந்தநாள் ஒரு கோடை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. கார்த்தியே வீட்டுக்கு வந்து சமைப்பதாகத் துளசி திட்டம் போட்டாள்.

"என்ர பிறந்தநாளைக்கு நான் எங்க போறனான் எண்டு உனக்குத் தெரியும்தானே?" என்றார் இவர்.

"ஜஸ்ட் திஸ் வன் இயர், அப்பா. ப்ளீஸ். ஹி வில் டூ எவ்ரிதிங்."

"பாப்ப..."

"பாக்கத் தேவையில்லை. வரச் சொல்லியாச்சு" என்றேன் நான்.

அன்று காலை அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டு வாசலில் ஓர் இரவல் பிக்கப் வண்டி வந்து நின்றது. அதன் முதுகில் கறுப்பு இரும்புப் பீப்பாய் ஒன்று படுத்திருந்தது. பக்கத்தில் ஒரு நெருப்புப் பெட்டி, மேலே புகைக்குழாய், மூடியில் ஒரு வெப்பமானி. இவர் யன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, "ரயில் எஞ்சினோ?" என்று கேட்டார்.

மாட்டின் நெஞ்சிறைச்சிதான் இதற்கு முதல்தரம் என்று கார்த்தி சொல்லியிருந்தான். எங்கள் வீட்டுக்குள் மாடு வராது. ஆகையால் முழு ஆட்டுத்தொடைகள். அவற்றின்மேல் அவன் போட்டது உப்பும் மிளகும் மட்டும்.

"தூள் போடேல்லையோ?"

"இல்லீங்க அங்கிள். உப்பு, மிளகு, புகை. அவ்வளவுதான்."

இவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பார்த்த முகம் அது.

பின்வளவில் இறக்கி வைத்த பீப்பாயில் கார்த்தி மேப்பிள் கட்டைகளை அடுக்கிப் பற்றவைத்தான். முதலில் வெள்ளையாகக் கொட்டிய புகை, கொஞ்ச நேரத்தில் மெலிந்து கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஆனது. அதற்குப் பிறகுதான் இறைச்சியை வைத்தான். மூடியை மூடினான். "ஆறு மணிக்கு சாப்பிடலாம் ஆன்ட்டி" என்றான். அப்போது மணி ஒன்பது.

ரெண்டு மணி என்றால் ரெண்டு மணி

இங்கேதான் நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு ஒரு வேலை பார்த்திருந்தேன்.

எங்கள் ஆட்களைக் கூப்பிட்டவர்களுக்கு இது தெரியும். ஆறு மணிக்குச் சாப்பாடு என்றால் ஆறு மணி என்று சொல்லக் கூடாது. சொன்னால் எட்டரைக்கு வருவார்கள். நாலு மணி என்றால் ஏழுக்கு வருவார்கள். ஆறுக்கு வர வேண்டுமென்றால் ரெண்டு மணி என்று சொல்ல வேண்டும். கலியாண அட்டையிலிருந்து காதுகுத்து வரை எல்லோரும் இந்தக் கணக்கில்தான் நேரம் போடுகிறோம். வருகிறவர்களும் அதைக் கழித்துக்கொண்டுதான் வருவார்கள். நான் எல்லோருக்கும் ரெண்டு மணி என்று சொல்லியிருந்தேன்.

ரெண்டு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள்.

இத்தனை வருடக் கனடா வாழ்க்கையில் இப்படி ஒன்றை நான் கண்டதில்லை. ஒரு கார் வந்து நிற்க அடுத்த கார் வந்தது. காரணம் பிறகுதான் விளங்கியது. சிவநேசன் வீட்டுக்கு ஓர் இந்தியப் பொடியன் சமைக்க வருகிறானாம் என்று கதை பரவியிருக்கிறது. சாப்பிட வந்த கூட்டம் இல்லை அது. பொடியனைப் பார்க்க வந்த கூட்டம்.

முதல் ஆளாக இறங்கியது இவருடைய அக்கா, எங்கள் இராசாத்தி மச்சாள். கையில் மடக்குக் கதிரை. பீப்பாய்க்கு நேர் எதிரே அதை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"காலமை ஒண்டும் சாப்பிடேல்லை. நீ சொன்னனீதானே வயித்தைக் காய விட்டு வரச் சொல்லி" என்றார்.

ஓம், நான்தான் சொன்னேன். இன்னொரு காரியமும் செய்திருந்தேன். முழுப் பொறுப்பும் கார்த்தியுடையது என்பதால், வாழ்க்கையில் முதல் தடவையாக, விருந்து நாளில் அடுப்பே மூட்டவில்லை. கடையில் எடுத்த மட்டன் ரோல்ஸ் ஒரு தட்டு இருந்தது. அது இருந்தது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இல்லாமல் போனது.

ஒருக்கால் பார்த்தால் என்ன

பசித்த கூட்டமும் மூடிய பாத்திரமும் ஓரிடத்தில் இருந்தால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது.

மச்சாள் எழும்பிப் போய் மூடியைத் தூக்கினார். உள்ளே குனிந்து பார்த்தார். புகை முழுவதும் அவர் முகத்தில் அடித்துவிட்டு வெளியே போனது. "இன்னும் வேகேல்லை" என்று இருமலுக்கு நடுவே அறிவித்தார். மூடினார். ஐந்து நிமிடத்தில் இன்னொருவர் போய்த் திறந்து அதையே உறுதிப்படுத்தினார். பிறகு சித்தப்பா முறையான ஒருவர். பிறகு அவருடைய மனைவி, கரண்டியால் குத்திப் பார்க்க.

கார்த்தி ஒரு தெளிக்கிற போத்திலில் அப்பிள் ஜூஸ் வைத்து இறைச்சியில் அடித்தான், காயாமல் இருக்க. "யன்னல் துடைக்கிற மருந்தையெல்லே உவர் அடிக்கிறார்!" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வான்? எல்லோரும் பெண்வீட்டுப் பெரியவர்கள். இன்னும் "பாப்பம்" என்ற நிலையில் நிற்பவன் யாரைப் போய் மூடியைத் தொடாதே என்று சொல்ல முடியும்? ஒவ்வொரு தடவை மூடி திறக்கும்போதும் அவனுடைய முகம் விழுவதை நான் பார்த்தேன்.

இவரும் பார்த்திருக்கிறார். மரநிழலில் கதிரையில் இருந்தவர் எழும்பி வந்தார்.

"ஏன் தம்பி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்லீங்க அங்கிள்."

"சொல்லும்."

கார்த்தி வெப்பமானியைக் காட்டினான். "ஒவ்வொரு வாட்டி திறக்கறப்பவும் சூடு எல்லாம் போயிடுது அங்கிள். திரும்ப ஏற அரை மணி நேரம் ஆகுது. இப்படியே போனா ஆறு மணிக்கு ஆகாது. எப்ப ஆகும்னே தெரியல." அவனுடைய குரல் கொஞ்சம் இறங்கியது. "இன்னைக்கு மட்டும் இது சரியா வந்துடணும்னு நினைச்சேன்."

அந்த நேரம் பார்த்து மச்சாளின் கை மறுபடியும் மூடிக்குப் போனது.

"அக்கா, மூடியைத் திறக்காதேங்கோ!"

வளவே அடங்கிப்போனது. அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவர் இவர். அப்பேர்ப்பட்ட மனிதர் அக்காவை அதட்டி நான் அன்றுதான் கேட்டேன்.

"ஒருக்கா பாத்தா என்னடா குறையுது?" என்றார் மச்சாள்.

"பாத்தா வேகாது. ஆரும் இதில கை வைக்கக் கூடாது." தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து பீப்பாய்க்கு முன்னால் போட்டு அதில் உட்கார்ந்தார். "உங்களுக்கு இப்ப பசி. அவ்வளவுதானே? பிள்ளை, துளசி! ரிப்ஸ் கடைக்குப் போன் அடிச்சு எல்லாருக்கும் எடு. பெரிய பெட்டியா எடு. சனம் இதை விட்டுத் தள்ளி நிக்கட்டும்."

அந்தக் கடையின் ஒரே சிறப்பு அன்று எங்களைக் காப்பாற்றியது. கேட்ட உடனே தருவார்கள். துளசி போய் வரும்போது காரே மணத்தது. முன்பக்கம் கராஜ் வாசலில் மேசை போட்டு எல்லாவற்றையும் பரப்பினோம். சனம் அங்கே இடம்பெயர்ந்தது. மச்சாள் பன்றி இறைச்சி சாப்பிடமாட்டார். ரிப்ஸ் சாப்பிடுவார். நன்றாகவே சாப்பிட்டார்.

நான் ஒரு தட்டில் நல்ல பெரிய துண்டாக எடுத்து, சாஸும் கூடுதலாக விட்டு, பின்வளவுக்குக் கொண்டுபோய் இவரிடம் நீட்டினேன். பிறந்தநாள் அல்லவா.

"எனக்கு வேண்டாம். பொடியன் காலமையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை. அவருக்குக் குடும்" என்றார்.

கார்த்தி என்னைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். பிறகு எலும்பு வெள்ளையாகும்வரை சாப்பிட்டான். விரலையும் நக்கினான்.

"எப்பிடி?" என்றார் இவர்.

"பசிக்கு நல்லாத்தான் இருக்கு அங்கிள்."

இவருடைய மீசை அசைந்தது.

அடுப்படி யன்னல்

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஒட்டுக் கேட்டேன் என்று சொல்ல வேண்டாம். என் அடுப்படி யன்னல் திறந்திருந்தது. பீப்பாய் அதற்கு நேர் கீழே இருந்தது. நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மூடியைத் திறக்க முடியாது. கைபேசியில் இவருக்கு நாட்டமில்லை. இரண்டு ஆண்கள் ஒரு மூடிய பீப்பாய்க்கு முன்னால் மணிக்கணக்காக இருந்தால் என்ன செய்வார்கள்? கதைத்துத்தான் ஆக வேண்டும்.

"உந்தச் சமையலை எங்க பழகினனீர்?"

"யூடியூப்தான் அங்கிள். வந்த புதுசுல மிசிசாகாவுல ஒரு பேஸ்மென்ட் ரூம். ஃப்ரெண்ட்ஸ் யாரும் இல்ல. வேலை நாள் எப்படியோ ஓடிடும். சனிக்கிழமை வந்தா பயமா இருக்கும். இது ஒரு நாள் பூரா ஆகும்னு படிச்சேன். அதுக்காகவே வாங்கினேன். நெருப்பைப் பாத்துக்கிட்டே இருக்கணும்ல, பொழுது போயிடும்."

"சமைச்சதை ஆர் சாப்பிடுறது?"

"நான்தான். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும்."

கட்டை ஒன்று உள்ளே சரியும் சத்தம் கேட்டது.

"நானும் தனியத்தான் தம்பி வந்தனான். என்ர மனுசி வாறதுக்கு முதல். ஞாயிற்றுக்கிழமையில அந்த அறையில இருக்கேலாது. உந்தக் கடையிலதான் போய் இருப்பன். படத்தைக் காட்டினாக் கொண்டுவந்து தருவினம், இங்கிலீஷ் தேவையில்லை. போன கிழமை இருந்த மாதிரியே இந்தக் கிழமையும் இருக்கும். எனக்கு அப்ப அது போதும்." பிறகு சொன்னார். "ஒருக்கா என்ர பிறந்தநாள் எண்டு எப்பிடியோ வாயில வந்திட்டுது. எல்லாரும் கைதட்டிக்கொண்டு வந்து பாடிச்சினம். அந்த வருசம் எனக்குப் பாடினது அவை மட்டும்தான்."

"சாரி அங்கிள். அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"நீர் சொன்னது சரிதான். அது போத்தில் புகைதான். எனக்கும் நாக்கு இருக்குத்தானே. ஆனா பாட்டு போத்திலுக்குள்ள இருந்து வரேல்லை."

என் கை நின்றுவிட்டது. குழாயில் தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் ஒரே படுக்கை, ஒரே வீடு, ஒரே ரிப்ஸ். எனக்குச் சொல்லாத கதையை நேற்று வந்த பொடியனுக்குச் சொல்கிறார் மனிதர்! கோபம் வந்தது. ஐஸ்கிரீம் என்று நான் பண்ணிய பகிடி எல்லாம் நினைவுக்கு வந்தது. பிறகு அழுகையும் வந்தது. நல்லவேளை, புகை உள்ளே வந்துகொண்டிருந்தது. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

உறைப்புக் காணாது

ஆறு மணி ஏழாகி, ஏழு ஏழரையாயிற்று. கோடை வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. கார்த்தி வெப்பமானியைப் பார்த்தான். "அங்கிள், நீங்களே திறங்க" என்றான்.

இவர் எழும்பி, இரண்டு கையாலும் மூடியைத் தூக்கினார்.

கறுப்பாக, எரிந்து போனது போல இருந்தது. கார்த்தி எலும்பைப் பிடித்து மெதுவாகத் திருகினான். எலும்பு தன்பாட்டுக்குக் கழன்று வந்தது. உள்ளே இறைச்சி இளஞ்சிவப்பில், நார்நாராக, நீர் சொட்டச் சொட்ட இருந்தது. அந்த மணத்துக்கு முன்பக்கத்துச் சனம் எல்லாம் பின்பக்கம் வந்து சேர்ந்தது. ரிப்ஸ் சாப்பிட்டு வயிறு நிறைந்த சனம்.

முதல் துண்டு இவருக்கு. துளசி என் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுகியிருந்தது. இவர் வாயில் போட்டார். மென்றார். மேப்பிள் மரத்தைப் பார்த்தார். இன்னும் மென்றார்.

"உறைப்புக் காணாது" என்றார்.

காரம் போதவில்லையாம். கார்த்தியின் தோள் இறங்கியது. "ஐயோ, அப்பா!" என்றாள் துளசி.

இவர் தட்டை நீட்டி இன்னொரு துண்டு வாங்கினார். அதற்குப் பிறகு இன்னொன்று. மூன்றாவதை மச்சாளுக்கு வாயில் ஊட்டிவிட்டார். நான் ஒரு துண்டு எடுத்தேன். என்ன சொல்ல? அந்தக் கடையில் நாங்கள் சாப்பிட்டதெல்லாம் சாஸ். இதுதான் இறைச்சி.

துளசி கேக்கைக் கொண்டுவந்தாள். எல்லோரும் பாடினோம். கார்த்தி எல்லோரையும்விடச் சத்தமாக, சுருதி இல்லாமல், கையைத் தட்டித் தட்டிப் பாடினான். ரிப்ஸ் கடைப் பிள்ளைகள் தட்டுவதைப் போலவே. இவர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் கையைத் துடைத்தார். "தம்பி, அடுத்த முறை கொஞ்சம் எங்கட தூளும் போட்டுப் பாப்பம்."

"சரிங்க அங்கிள். எப்ப வைக்கலாம்?"

"உம்மட அம்மா அப்பா இஞ்ச வந்து நிக்கேக்க."

கார்த்தி விளங்காமல் நின்றான். "அவங்க ஊர்லல்ல அங்கிள் இருக்காங்க..."

"அதுதானே சொல்லுறன். வரச் சொல்லும்."

பக்கத்தில் நின்ற துளசியைக் காணவில்லை. அவள் இவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். கேக் தட்டு புல்லில் கிடந்தது. கார்த்தி கையில் ஆட்டு எலும்போடு அப்படியே நின்றான், அதை எங்கே வைப்பதென்று தெரியாமல். எனக்கு மறுபடியும் கண் கரித்தது. இந்த முறை புகையைச் சாட்டாக வைக்க முடியவில்லை.

எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்து, இராசாத்தி மச்சாள் மெதுவாகப் போய் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

இவரும் கண்டார். ஒன்றும் சொல்லவில்லை.